கோட்டாவில் வந்தவள் என்கிறார்கள்

கேள்வி:

எனது ஊர் களுவாஞ்சிகுடிப் பக்கம். மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து தெரிவாகி, வெளிமாகாணத்தில் உள்ள மருத்துவ பீடம் ஒன்றில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். போன மாதம் விடுதியில் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு எங்கெங்கோ போய், கடைசியில் வெட்டுப்புள்ளியில், அதாவது பீடத்துக்கு எடுபடத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளியில் (உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளைச் சமப்படுத்திக் கணக்கிடும் புள்ளி) வந்து நின்றது. என் பட்ச்சில் படிக்கும் ஒருவர், "என்னோடு படித்தவள் உன்னைவிடக் கூட இசட் எடுத்தும் மருத்துவம் கிடைக்காமல் வெளியே நிற்கிறாள், நீ கோட்டாவில் உள்ளே வந்துவிட்டாய்" என்றார். இன்னொருவர், "மனிதர் பிறப்பிலேயே வேறு வேறு. கெட்டிக்காரரும் இருப்பார், மெல்லக் கற்பவரும் இருப்பார். சமூக நீதி, சமத்துவம் என்பதெல்லாம் கெட்டிக்காரரிடம் பறித்து மற்றவருக்குக் கொடுக்கிற வேலை" என்றார். எனக்கு வாய் திறக்க முடியவில்லை. அன்றிலிருந்து வகுப்பில் கேள்வி கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. இதைவிட இன்னொன்றும் மனதை அரிக்கிறது. என்னோடு உயர்தரம் படித்தவள் ஒருத்தி, மண்டூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) வந்து படித்தவள், சொற்பப் புள்ளியில் மருத்துவத்தைத் தவறவிட்டாள். இப்போது மூன்றாம் தடவை எழுதப் போகிறாள். அவளைவிட எனக்கு எல்லா வசதியும் இருந்தது. நான் இருக்கிற இடம் நியாயமாக யாருடையது? மனிதர் வேறு வேறு என்றால் சமத்துவம் என்று பேசுவதில் அர்த்தம் உண்டா?

பெயர் வெளியிட விரும்பாத மாணவி, மட்டக்களப்பு

பதில்:

அன்பு மகள்,

அந்த இடம் உங்களுடையதுதான். யாரிடமும் தட்டிப் பறித்ததில்லை, கூச்சப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் உங்கள் கேள்விக்கு நான் மரியாதை செய்ததாகாது. நீங்கள் ஆறுதல் கேட்கவில்லை, நியாயம் கேட்டிருக்கிறீர்கள். மெய்யியல் படிப்பித்துக்கொண்டே மாணவ ஆலோசகராகவும் இருந்த எனக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. மட்டக்களப்பு, அம்பாறை, மன்னார், முல்லைத்தீவுப் பிள்ளைகள் பலர் இதை யாரிடமும் சொல்லாமல், உள்ளுக்குள் வைத்துக்கொண்டே படித்து முடித்துவிடுகிறார்கள். நீங்கள் எழுதியது நல்லது. நானும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைச் சரியாக வைத்துக்கொள்வோம். கலைப் பிரிவை விட்டுவிட்டால், பெரும்பாலான பாடநெறிகளுக்கு இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை வரிசைப்படி போகிறது. 55 வீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைக்கு ஏற்பப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு மாவட்டத்துக்குள்ளும் இசட் புள்ளி வரிசையில் நிரப்பப்படுகிறது. மிச்சம் 5 வீதம், கல்வி வாய்ப்பில் பின்தங்கியவை என்று அறிவிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அதற்குள் வருகின்றன. யாழ்ப்பாணமும் வருகிறது, நுவரெலியாவும் வருகிறது, அம்பாந்தோட்டையும் வருகிறது.

ஆகவே உங்களுக்கென்று யாரும் ஒரு பின்கதவைத் திறந்து வைக்கவில்லை. பாதிக்கு மேற்பட்ட இடங்கள் எல்லா மாவட்டங்களுக்கும் பங்கிடப்படுகின்றன. கொழும்புக்கும் பங்கு உண்டு, சனத்தொகை கூடிய மாவட்டம் என்பதால் பெரிய பங்கே உண்டு. உங்கள் பட்ச்சில் பெரிய நகரங்களிலிருந்து வந்தவர்களிலும் மாவட்டப் பங்கில் வந்தவர்கள் இருப்பார்கள். அவர்களை யாரும் கோட்டா என்று கூப்பிடுவதில்லை. அந்தச் சொல் சில மாவட்டத்துப் பிள்ளைகளின் முதுகில் மட்டும் ஒட்டுவது எனக்கு எப்போதும் கோபம் தருகிற விசயம்.

சரி, இரண்டாமவர் சொன்னதுக்கு வருவோம். அதுதான் கனமான வாதம். அதற்குள் மூன்று பேச்சு ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது: மனிதரின் திறமை ஒன்றல்ல, பரீட்சை அந்தத் திறமையைக் காட்டுகிறது, ஆகவே கூடிய புள்ளி எடுத்தவருக்கே இடம் உரிமையானது. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும்போது ஒன்றுதானே என்று தோன்றும். பிரித்துப் பார்த்தால்தான் எது நிற்கும், எது விழும் என்று தெரியும்.

மனிதர் வேறு வேறு என்பது உண்மை. அதை மறுக்கப் போகாதீர்கள். சமூக நீதியின் பக்கம் நிற்பவர்களில் சிலர், வேறுபாட்டை ஒத்துக்கொண்டால் வழக்குத் தோற்றுவிடும் என்று பயந்து, எல்லாருக்கும் எல்லாம் வரும், எல்லாவற்றுக்கும் சூழல்தான் காரணம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்று வளர்ந்த இரண்டு பிள்ளைகளைப் பார்த்த எவருக்கும் அது உண்மையில்லை என்று தெரியும். ஒருத்திக்குக் கணக்கு ஓடி வரும், மற்றவளுக்கு மனிதரைப் படிக்க வரும். புறநானூற்றின் 183ஆம் பாட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன் இதை ஒளிக்காமல் சொல்கிறான்: ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்குள்ளும், கல்வியில் சிறந்த பிள்ளையின் பக்கம் தாயின் மனமும் திரும்பும். கேட்கக் கசப்பாக இருந்தாலும் பல வீடுகளில் நடப்பது அதுதான். அதே பாட்டு முடிகிற இடத்தையும் பாருங்கள். கீழ்ப்பால் என்று வைக்கப்பட்ட ஒருவன் கற்றுவிட்டால், மேற்பால் ஒருவனும் அவனிடம் போய்ப் படிப்பான் என்கிறது. வேறுபாட்டை ஒத்துக்கொண்ட அதே வாய், பிறந்த இடத்தை வைத்து எழுதப்பட்ட வரிசையை அழித்துவிடுகிறது. ஆனால் அதற்கு அந்த ஒருவனுக்குக் கற்க வழி கிடைத்திருக்க வேண்டும்.

இனி இரண்டாவது பேச்சு: பரீட்சைப் புள்ளி திறமையைக் காட்டுகிறது என்பது. பாதி உண்மை. 2001இலிருந்து பாவனையில் உள்ள இசட் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்கான சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுக்கிறார்கள். ஒரு பாடத்தின் வினாத்தாள் கடினமாகவும் இன்னொன்று இலகுவாகவும் வந்தால் அந்த ஏற்றத்தாழ்வைச் சமப்படுத்த அது நல்ல கருவி. அதன் வேலை அவ்வளவுதான். இரசாயனவியலுக்கு இரண்டு வருடமும் ஒரே ஆசிரியரிடம் படித்தவள் யார், ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்ப் பல மாதம் வெறும் வகுப்பில் இருந்தவள் யார் என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று யாரும் அதைச் செய்யவுமில்லை.

கல்லோயாத் தண்ணீரை நம்பி வேளாண்மை செய்கிற அம்பாறை மாவட்டத்து ஊர்களில், வாய்க்காலின் தலைப்பு வயலும் கடைசி வயலும் ஏக்கருக்கு ஒரே அளவு விளைவதில்லை. கடைசி வயல்காரனுக்கு நாலு மூடை குறைந்தால், அவனுக்கு வேளாண்மை தெரியாது என்று வட்டை விதானை (வயல்வெளிக்குத் தண்ணீர் பங்கிடுகிற பொறுப்பாளர்) முடிவுகட்ட மாட்டார். எத்தனை நாள் தண்ணீர் போனது என்றுதான் முதலில் கேட்பார். கடைசி வயலில் நின்று தலைப்பு வயலுக்குக் கிட்டத்தட்ட விளைவித்துக் காட்டியவன் என்றால், அவன் விசயம் தெரிந்தவன் என்று வட்டையே ஒத்துக்கொள்ளும். மாவட்ட அடிப்படை என்பது, தண்ணீர் எத்தனை நாள் போனது என்று கேட்கிற அந்தக் கேள்விதான். அது யார் மேலும் காட்டுகிற இரக்கமல்ல. ஒரு புள்ளியைச் சரியாக வாசிக்க வேண்டுமென்றால் அது எங்கே நின்று எடுக்கப்பட்டது என்றும் பார்க்க வேண்டும்.

இதையும் அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. பின்தங்கிய மாவட்டத்திலிருந்து வந்த ஒவ்வொருவரும் மறைந்திருக்கும் மேதை என்று நான் சொல்லவில்லை. இடைவெளி மிகப் பெரிதாக இருந்தால், பாடத்தின் அடித்தளமே பிடிபடாமல் உள்ளே வருகிற பிள்ளை அவதிப்படும். அதனால்தான் எந்த மாவட்டமானாலும் மூன்று பாடங்களிலும் சித்தி வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. உள்ளே வந்த பிறகு பரீட்சையில் மாவட்டம் என்று ஒன்று இல்லை. உடற்கூற்றியல் வினாத்தாளில் மட்டக்களப்புக்கு என்று தனியாக ஒரு சித்திப் புள்ளி கிடையாது. நாளைக்கு உங்களிடம் வருகிற நோயாளி, எல்லாரும் எழுதிய அதே இறுதிப் பரீட்சையில் சித்தியடைந்த வைத்தியரிடம்தான் வருகிறார். "தரம் குறைந்துவிடும்" என்று யாராவது சொன்னால் இந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள், போதும்.

மூன்றாவது பேச்சில்தான் மெய்யியல்காரர்கள் பல வருடம் மல்லுக்கட்டுகிறார்கள். கூடிய திறமை உள்ளவருக்குக் கூடிய பங்கு உரிமையா? அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் ரோல்ஸ் 1971இல் வெளியான தனது நூலில் ஒரு யோசனையை வைத்தார். நீங்கள் எந்த வீட்டில், எந்த ஊரில், எவ்வளவு மூளையோடு பிறக்கப் போகிறீர்கள் என்று தெரியாத ஒரு நிலையில் நின்று ஒரு நாட்டின் விதிகளை எழுதச் சொன்னால் எப்படி எழுதுவீர்கள்? கொழும்பில் பெரிய பாடசாலைக்குப் பக்கத்திலும் பிறக்கலாம், வாகரையில் காட்டோரக் கிராமம் ஒன்றிலும் பிறக்கலாம். எது என்று தெரியாதபோது, "கூடிய புள்ளி எடுத்தவருக்கே எல்லாம்" என்ற ஒரே விதியோடு நிற்க மனம் துணியாது. பிறந்த இடமும் பிறவித் திறமையும் நாம் உழைத்துச் சம்பாதித்தவை அல்ல; அவற்றைக் கொண்டு கிடைப்பதெல்லாம் எனக்கே என்று கோர முடியாது என்பது அவர் வாதம்.

அவரோடு ஹாவர்டில் படிப்பித்த ரொபர்ட் நொசிக் 1974இல் இதற்குக் கடுமையாகப் பதில் எழுதினார். என் திறமை என்னுடையது, ஊர்ச் சொத்தல்ல. அதைப் பொதுக் கணக்கில் சேர்த்தால் என்னையே பொதுச் சொத்தாக்கியதாகும் என்பது அவர் பக்கம். இதை நான் சாதாரணமாகத் தள்ளிவிட மாட்டேன். உங்கள் பட்ச்சில் உள்ளவர் பேசியது, அவருக்குத் தெரியாமலேயே, நொசிக்கின் பேச்சுத்தான். ஒரு மனிதனின் மூளையை, கையை, உழைப்பை மற்றவர் பங்குபோட முடியாது என்பதில் ஒரு மரியாதை இருக்கிறது.

ஆனால் இங்கே பங்கிடப்படுவது யாருடைய மூளையும் அல்ல. அரச மருத்துவ பீடத்தில் ஒரு கதிரை. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில் வந்த இலவசக் கல்வியின் தொடர்ச்சி அது. தோட்டத்தில் கொழுந்து பறிப்பவரும், பாசிக்குடாவில் வலை இழுப்பவரும், ஒரு கிலோ சீனி வாங்கும்போதும் கட்டுகிற வரியில் நடப்பது. அதை யாருக்குக் கொடுப்பது என்று பொதுவான ஒரு விதி எழுதுவது, ஒருவரின் திறமையைப் பறிப்பதாகாது. நொசிக்கை முழுதாக ஏற்றுக்கொள்கிறவர், அடுத்தவரின் வரிப்பணத்தில் இலவசமாகப் படிக்கவும் ஒத்துக்கொள்ளக் கூடாது. கதிரை பொதுப் பணத்தில் வேண்டும், பங்கீடு மட்டும் என் தனிச் சொத்துப்போல நடக்க வேண்டும் என்று இரண்டையும் ஒன்றாகக் கேட்க முடியாது. இந்த இடத்தில் உங்கள் நண்பரின் வாதம் உடைந்துவிடுகிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அமர்த்தியா சென் 1979இல் ஆற்றிய ஓர் உரையில், எதில் சமத்துவம் என்று கேட்டார். நீங்கள் கேட்ட கேள்விக்கு அது நேரான திறப்பு. உங்கள் நண்பரும் சமத்துவம் கேட்கிறவர்தான். ஒரே புள்ளிக்கு ஒரே இடம் என்பது அவருடைய சமத்துவம். ஒரே உழைப்புக்கு, கிடைத்த வசதியையும் கணக்கில் எடுத்த ஒரே வாய்ப்பு என்பது உங்களுடையது. அன்றிரவு நடந்தது சமத்துவம் வேண்டும் என்பவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் இடையிலான சண்டை அல்ல. மனிதர் வேறு வேறாக இருப்பதால்தான் இந்தக் கேள்வியே வருகிறது. எல்லாரும் ஒரே அச்சாக இருந்தால் எதைச் சமமாகக் கொடுப்பது என்று யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. ஒன்றைச் சமமாகக் கொடுத்தால் மற்றதெல்லாம் தானாகச் சமமாகிவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் பட்ச்சில் படிப்பவர் சொன்ன, வெளியே நிற்கிற அந்தப் பிள்ளையைப் பற்றியும் பேசியாக வேண்டும். அவள் ஒரு வாதத்துக்காகச் சொல்லப்பட்ட ஆளல்ல. அவளும் விடிய விடிய விழித்திருந்து படித்தவள். கொழும்பில் கொட்டாஞ்சேனையிலோ மட்டக்குளியிலோ ஒற்றை அறை வீட்டில், தங்கச்சி தம்பியின் சத்தத்துக்கு நடுவில் படித்தவளாகக்கூட இருக்கலாம். அப்படியென்றால் அவளுடைய புள்ளியும் கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியோடுதான் ஒப்பிடப்படுகிறது. பெரிய பாடசாலையில் படித்து, காரில் ரியூசனுக்குப் போய் வந்த பிள்ளையோடு ஒரே வரிசையில் அவளை நிறுத்துகிறார்கள். "அவர்களுக்கென்ன, நகரத்து ஆட்கள்" என்று நீங்கள் சொல்லிவிட்டால், உங்களுக்குச் செய்யப்பட்டதை நீங்களும் செய்தவராவீர்கள்.

எங்கள் ஆட்களுக்கு இந்த விசயத்தில் ஒரு பழைய காயமும் இருக்கிறது. தரப்படுத்தல் (1970களில் பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை அரசு மாற்றியமைத்த முறை) என்றாலே எங்கள் தாய் தகப்பன்மாரின் முகம் மாறும். 1971இல் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளி போதுமாக இருக்க, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 தேவைப்பட்டது. மாவட்டப் பங்கு அதன் பிறகு, 1974இல் வந்தது. இரண்டும் ஒரே பெயரில் பேசப்படுவதால் இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு பிள்ளை எந்த மொழியில் பரீட்சை எழுதினாள் என்பதை வைத்து அவள் மேல் கூடுதல் சுமை ஏற்றுவது அநியாயம். யாழ்ப்பாண நகரத்துப் பிள்ளைக்கும் மூதூர்ப் பிள்ளைக்கும் ஒரே சுமை ஏற்றிய விதி அது. மூதூர்ப் பிள்ளைக்கு ஆய்வுகூடம் இருந்ததா என்று கேட்கவே இல்லை. மாவட்டப் பங்கு குறைந்தது அந்தக் கேள்வியையாவது கேட்கிறது. ஒரு சமூக நீதி விதி சரியா என்று பார்க்க நான் வைத்திருக்கிற சோதனை இதுதான்: அது கைக்கொள்கிற அளவுகோல், உண்மையில் இல்லாமல் போன வாய்ப்பைத் தொடுகிறதா, அல்லது ஆளின் அடையாளத்தை மட்டும் தொடுகிறதா?

இதே சோதனையை மாவட்டப் பங்கின் மேலும் வைத்துப் பார்த்தால், உங்கள் மண்டூர்த் தோழியிடம் வந்து நிற்போம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அவள்தான்.

மட்டக்களப்பு மாவட்டம் என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். வாவி அதை இரண்டாகப் பிரித்து வைத்திருப்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் வராது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் பிரதான வீதி, பஸ், ரியூட்டரி, வைத்தியசாலை, எல்லாம். மேற்கே படுவான்கரையில் வட்டைகளும் குளங்களும் யானையும். விஞ்ஞானப் பிரிவு நடத்துகிற 1ஏபி பாடசாலைகள் வீதியோரத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. உள்ளே போகப் போக 1சி பாடசாலை கிடைக்கும், அங்கே உயர்தரம் உண்டு, விஞ்ஞானம் இல்லை. வைத்தியராக வேண்டும் என்று ஆசைப்படுகிற படுவான்கரைப் பிள்ளை பெரும்பாலும் முதலில் வாவியைக் கடக்க வேண்டும்.

குருமண்வெளித் துறையில் பாதை வந்து சேருகிற நேரம் நான் நின்றிருக்கிறேன். வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன், பாதை என்பது ஆளையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற தட்டையான மிதவை. வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் சைக்கிளை ஒரு கையால் பிடித்தபடி நிற்பார்கள். மாரி காலத்தில் புத்தகப் பைக்கு மேல் உரப்பை ஒன்றைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். ஒரு பிள்ளை மற்றக் கையில் சின்னக் கொப்பி ஒன்றைத் திறந்து வைத்து, உதடு அசைய அசைய எதையோ பாடமாக்கிக்கொண்டிருந்தாள். காற்றுக் கடுமையாக அடித்தால் பாதை ஓடாது, அன்றைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. பின்னேர ரியூசன் முடியும்வரை இருந்தால் கடைசிப் பாதை போய்விடும். வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம் என்றால், ஊருக்குள் யானை வந்த இரவில் யார் புத்தகத்தைத் திறப்பது? வீதியோரத்தில் வீடு, நினைத்த நேரம் ரியூசன், கறண்ட் போனால் சார்ஜர் லைற் என்று இருந்த உங்களையும் அவளையும் மாவட்ட அடிப்படை ஒரே வயல் என்று எண்ணிக்கொள்கிறது.

ஆகவே உங்கள் மனம் அரிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதைக் குற்ற உணர்வு என்று மட்டும் நினைத்துத் துடைத்துவிடாதீர்கள். மாவட்டம் தடித்த அளவுகோல். என் கருத்தைக் கேட்டால், இப்போதைக்கு அதை எடுத்துவிடக் கூடாது, ஆனால் அதைவிட நுணுக்கமான ஒன்றுக்குப் போக வேண்டும். பிள்ளை பல வருடம் தொடர்ந்து படித்த பாடசாலையையே அலகாக எடுக்கலாம்: அங்கே விஞ்ஞான ஆசிரியர் எத்தனை பேர், ஆய்வுகூடம் இருந்ததா, அந்தக் கல்வி வலயத்தில் 1ஏபி எத்தனை. அப்படி எடுத்தால் மட்டக்களப்பு மேற்கு வலயத்துப் பிள்ளைக்கும் பலன் போகும், மட்டக்குளிப் பிள்ளைக்கும் போகும். ஏமாற்றுகிறவர்கள் அதிலும் ஏமாற்றப் பார்ப்பார்கள், பதிவை மட்டும் கிராமத்தில் வைத்துக்கொண்டு நகரத்தில் படிப்பார்கள். வரவுப் பதிவை ஒழுங்காகப் பார்த்தால் அதைக் கட்டுப்படுத்தலாம். இன்னொன்றும் இருக்கிறது. பல்கலைக்கழகப் பங்கு பத்தொன்பது வயதில் வருகிற மருந்து. நோய் முதலாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. படுவான்கரைக்கு இரசாயனவியல் ஆசிரியரை அனுப்பி, அவர் அங்கேயே இருக்க விடுதியும் படியும் கொடுக்காமல், வெட்டுப்புள்ளியை மட்டும் குறைப்பது அரைகுறை நீதி.

சரி, இதற்கெல்லாம் நீங்கள் என்ன செய்வது? இடத்தை விட்டுக் கொடுத்தால் அது உங்கள் தோழிக்குப் போகாது, அவளுக்கு முன்னால் வரிசையில் இருந்த யாருக்கோ போயிருக்கும், இப்போது அதற்கும் காலம் கடந்துவிட்டது. படித்து முடித்து ஊருக்கே திரும்பி வர வேண்டும், அதுதான் நீங்கள் பட்ட கடன் என்று சிலர் சொல்வார்கள். வந்தால் நான் சந்தோசப்படுவேன், மண்டூர் வைத்தியசாலையில் உங்களைக் கண்டால் இன்னும் சந்தோசப்படுவேன். ஆனால் இலவசக் கல்வியில் படித்த எல்லாரும் பட்டிருக்கிற கடன் அது. மாவட்டப் பங்கில் வந்த பிள்ளைக்கு மட்டும் அதை விலங்காகப் போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்களுக்கும் உங்கள் விருப்பம், உங்கள் வாழ்க்கை என்று ஒன்று உண்டு. தனிமனித வேறுபாட்டை மதிக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் அதையும் மதிக்க வேண்டும்.

உடனடியாகக் கவனிக்க வேண்டியது, நீங்கள் வகுப்பில் கேள்வி கேட்பதை நிறுத்தியதுதான். இதை நான் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். "கோட்டா" என்று ஒருவர் சொன்னவுடன், தெரியாததைக் கேட்டால் அவர் சொன்னது உண்மையாகிவிடும் என்று பயந்து வாயை மூடிக்கொள்வார்கள். கேட்காததால் விளங்காது, விளங்காததால் புள்ளி குறையும். கடைசியில் அந்தப் பேச்சு தானாகவே பலித்ததுபோல ஆகிவிடும். எலிசபெத் அன்டர்சன் என்ற மெய்யியலாளர் 1999இல் எழுதிய கட்டுரையில், சமத்துவத்தின் உண்மையான நோக்கம் பொருளைப் பங்கிடுவதில் மட்டும் இல்லை, மனிதர் ஒருவர் முன் ஒருவர் தலைகுனியாமல் நிற்கக்கூடிய உறவை உண்டாக்குவதில் இருக்கிறது என்று வாதிட்டார். அன்றிரவு உங்களுக்கு நடந்த தீங்கு அங்கேதான். ஒரு பரீட்சையின் வரிசையை மனிதரின் வரிசையாக மாற்றிவிட்டார்கள், நீங்களும் அதை ஏற்று ஒரு படி கீழே போய் இருந்துகொண்டீர்கள்.

முதல் வருடத்தில் உங்களுக்குப் புள்ளி குறைந்திருந்தால், மூளையைச் சந்தேகிக்க முதல் ஆங்கிலத்தைப் பாருங்கள். பதின்மூன்று வருடம் தமிழில் படித்துவிட்டு, திடீரென்று உடற்றொழிலியலை ஆங்கிலத்தில் படிக்கிற பிள்ளை, விரிவுரையில் பாதி நேரத்தை மொழிக்கே செலவழிக்கிறாள். நகரத்துப் பிள்ளைகள் பலருக்கு அந்தச் சுமை குறைவு. இந்தக் கிழமையே உங்கள் பீடத்து ஆங்கிலக் கற்பித்தல் அலகுக்குப் போங்கள். மூத்த மாணவர்களிடம் குறிப்புக் கேளுங்கள். அடுத்த ரியூட்டோரியலில் ஒரு கேள்வியாவது கேளுங்கள், முட்டாள்தனமாகத் தோன்றினாலும் பரவாயில்லை. தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், உங்கள் பல்கலைக்கழகத்து மாணவ ஆலோசகரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். கடிதத்தில் என்னால் செய்ய முடிவது கொஞ்சம்தான்.

அந்த இரண்டு நண்பர்களையும் பகைக்க வேண்டாம். ஐந்து வருடம் ஒரே விடுதி, நாளைக்கு ஒரே வார்ட். வெளியே நிற்கிற தோழிக்காக ஒருவர் ஆத்திரப்பட்டது பிழையில்லை, உங்களுக்கும் அப்படி ஒரு தோழி இருக்கிறாளே. அதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். பாதையில் வந்து படித்த பிள்ளையின் கதையைக் கேட்ட பிறகு அவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம். கோட்டா என்று மறுபடியும் சொன்னால், அந்தச் சொல் பிடிக்கவில்லை என்று நேரடியாகச் சொல்லுங்கள். உங்கள் இசட் புள்ளியைச் சொல்லி நியாயப்படுத்த வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

மண்டூர்ப் பிள்ளையிடம் இப்போது இந்தக் குற்ற உணர்வைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். பரீட்சைக்கு இருக்கிறவளுக்கு உங்களையும் தேற்றுகிற வேலை வேண்டாம். உங்களிடம் இருக்கிற குறிப்புகளையும் விடை எழுதிய கடந்தகால வினாத்தாள்களையும் படம் எடுத்து அனுப்புங்கள். எந்தப் பாடம் அவளைக் கீழே இழுத்தது என்று கேட்டு, அந்தப் பாடத்துக்கு மட்டும் கிழமையில் ஒரு நாள் போனில் இருங்கள். இது அவளுக்குக் கடைசித் தடவை, மூன்றுக்கு மேல் எழுதினால் அது பல்கலைக்கழக அனுமதிக்கு எடுபடாது. பெறுபேறு வந்து விண்ணப்பம் நிரப்பும்போது மருத்துவத்தை மட்டும் எழுதி விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். தாதியியல், மருந்தாளர், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் எல்லாம் உயிரியல் பிரிவுக்குத் திறந்திருக்கின்றன, தாதியியல் பட்டம் எங்கள் கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே உண்டு. விருப்ப வரிசையை நிரப்புகிற அன்றைக்கு, முடிந்தால், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.